அடுத்த வருசம் கட்டாயம் மாலைதீவு

பேலியகொடையில் குடியிருப்பவன் ஊர் சுற்றாமல் இருப்பதற்குச் சாட்டுச் சொல்வது கடினம். கண்டிக்குப் போகும் ஏ1 வீதியும் புத்தளத்துக்குப் போகும் ஏ3 வீதியும் எங்கள் பக்கத்தில்தான் பிரிகின்றன. 2013 ஒக்டோபரில் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதையும் இங்கிருந்துதான் புறப்படுகிறது. 25.8 கிலோமீற்றர், வாகனம் இருந்தால் அரை மணித்தியாலத்துக்குள் விமான நிலையம். யாழ்ப்பாணம் போகும் சொகுசு பஸ், வெள்ளைக்காரரை ஏற்றிய வான், கனடாவுக்குத் திரும்புகிறவர்களின் சூட்கேஸ் அடுக்கிய கார், எல்லாம் களனி கங்கையைக் கடந்து எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். நாங்கள் மட்டும் போவதில்லை. யார் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்போம்.

2018இன் கடைசியில் வெள்ளவத்தை மச்சாள் குடும்பத்தோடு மாலைதீவுக்குப் போய், வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் படமாகப் போட்டார். தண்ணீருக்கு மேலே மரக் குடில், காலுக்குக் கீழே கண்ணாடித் தரை, கண்ணாடிக்குக் கீழே மீன். மனைவி ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். கேட்காததால், "அடுத்த வருசம் கட்டாயம் நாங்களும்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அன்றிரவே எக்ஸெலைத் திறந்தேன். புறக்கோட்டையில் இரும்புச் சாமான் இறக்குமதி செய்யும் கடையொன்றில் கணக்குப் பார்ப்பவன் நான். கவலை வந்தால் கட்டம் போடுவேன். மாலைதீவில் ஏறக்குறைய 1,200 தீவுகள்; ஆட்கள் குடியிருப்பவை 200க்கும் குறைவு. மச்சாள் போன மாதிரித் தனித்தீவு ரிசோர்ட்டில் ஓர் இரவுக்கு வாடகை என் மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அந்த நிரலைச் சிவப்பாக்கி மறைத்துவிட்டேன். மிஞ்சியது உள்ளூர்த் தீவுகள். 2008இல் ஜனாதிபதியான முகமது நஷீதின் ஆட்சியில்தான் சனங்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் விடுதி நடத்த வழி திறந்தது. என் வருமானத்துக்காரன் மாலைதீவைப் பற்றிக் கனவு காண முடிந்தது அதற்குப் பிறகுதான். அப்படி வளர்ந்தவற்றில் பெயர் போனது மாஃபுஷி. அந்த நாட்டின் பெரிய சிறைச்சாலையும் அதே தீவில்தான் இருக்கிறது. பதவி போன பிறகு 2015இல் நஷீதையே அங்கே அடைத்து வைத்தார்கள். விடுதிக்கு வழி திறந்தவருக்கு அதே தீவில் கிடைத்த அறை இப்படி. இதைப் படித்ததும் மாஃபுஷியைத் தெரிவு செய்தேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் தெரியாது.

தேடத் தேட இன்னொன்றும் அகப்பட்டது. அவர்களுடைய முதல் ரிசோர்ட்டான குரும்பா 1972இல் திறந்ததற்குப் பின்னால் ஒரு கொழும்புச் சந்திப்பு இருக்கிறது. ஜோர்ஜ் கோர்பின் என்ற இத்தாலியப் பயண முகவர் ஆளில்லாத தீவுகளைத் தேடிக்கொண்டு இங்கே வந்து, கொழும்பிலிருந்த மாலைதீவுத் தூதரகத்து இளைஞர் ஒருவரைச் சந்தித்திருக்கிறார். ஆக, அவர்களின் சுற்றுலாத் தொழிலே எங்கள் நகரத்தில்தான் முளைவிட்டது. இதை மனைவிக்கு மிகுந்த பெருமையோடு விளக்கினேன்.

"அந்த இத்தாலிக்காரன் பிறகு போனானோ இல்லையோ?" என்று கேட்டார்.

"போனான்."

"அதுதானே."

நான் போகவில்லை. விசாவுக்கு ஆவணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். வங்கிக் கணக்கு அறிக்கை, முதலாளியின் கடிதம், கலியாணப் பதிவுச் சான்றிதழ், வீட்டு வரிப் பற்றுச்சீட்டு, எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுத்து நீல நிற ஃபைலில் கோத்தேன். இலங்கைக் கடவுச்சீட்டோடு வளர்ந்தவனுக்கு, எங்கே போவதானாலும் திரும்பி வந்துவிடுவேன் என்று முதலில் யாருக்காவது நிரூபிக்க வேண்டும் என்ற எண்ணம் இரத்தத்தில் ஊறியது. மாலைதீவு அப்போது எந்த நாட்டவர் வந்து இறங்கினாலும் 30 நாள் விசாவைக் காசில்லாமல் கொடுத்தது என்பதை ஃபைல் நிறைந்த பிறகுதான் வாசித்தேன். மனம் உடைந்துபோனது. அந்த ஃபைலைப் பார்க்க ஒருவருமே இல்லையா?

அதற்கிடையில் ஒன்று நடந்தது. ஃபைலுக்காகக் கடவுச்சீட்டைப் பிரதி எடுக்கப் போனபோது, அது 2019 ஜனவரியிலேயே காலாவதியாகிவிட்டது தெரிந்தது. மனைவியிடம் சொல்லவில்லை. புதுப்பிக்கவும் இல்லை. பார்க்கலாம் என்று இருந்தேன்.

ஏப்ரல் 21 வந்தது. குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்களுக்கு ஆற்றின் அடுத்த பக்கம். மனைவி படிப்பிப்பது கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில். பல கிழமைகளுக்கு வீட்டில் யாரும் எதையும் பேசவில்லை. ஆனால் அதே ஆண்டு கடைசியில், மச்சாள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில், "அந்தக் குண்டுகள் மட்டும் வெடிக்காட்டி இப்ப நாங்கள் மாலைதீவுக்குப் போய் வந்திருப்பம்" என்று என் வாயால் சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஜனவரியில் செத்துப்போன கடவுச்சீட்டு அலுமாரிக்குள் கிடந்தது. இந்தக் கட்டுரையில் வரும் மற்றதெல்லாவற்றுக்கும் சிரிக்கலாம். இதற்கு முடியாது.

ஆனாலும் பழகிவிட்டது. நாட்டுக்கு ஒவ்வொரு முறை ஆபத்து வரும்போதும் எனக்குள்ளே ஒரு மூலையில் ஒருவன் மூச்சுவிட்டான்.

கொரோனாக் காலமான 2020இல் மாலைதீவு முந்திக்கொண்டது. ஜூலை 15ஆம் திகதியே உல்லாசப் பயணிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. மனைவி செய்தியைப் பத்திரிகையிலிருந்து வாசித்துக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் விமான நிலையம் இன்னும் பூட்டிக்கிடந்தபடியால் நான் தப்பினேன். ஒக்டோபரில் ஊரே எனக்காக உழைத்தது. இங்குள்ள மீன் சந்தையில் கொரோனா கண்டுபிடிக்கப்பட்டு, 'பேலியகொடைக் கொத்தணி' என்று எங்கள் ஊர்ப் பெயர் நாடு முழுவதும் செய்தியில் அடிபட்டது. வெள்ளவத்தையில் ஒரு கடையில் முகவரியைச் சொன்னதும் காசாளர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். மீன் என்றாலே சனம் பயந்தது. முன்னாள் கடற்றொழில் அமைச்சர் திலிப் வெதஆரச்சி செய்தியாளருக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்ட வேண்டி வந்தது. பக்கத்து வீட்டுக்காரரே எங்களைக் கண்டால் ஒதுங்கும் காலத்தில் எந்த நாடு எங்களை உள்ளே விடும்? "இப்ப போகேலாது" என்றேன், மிகுந்த துக்கத்தோடு. அன்றிரவு எக்ஸெலில் 'போக்குவரத்து' என்ற நிரலுக்கு இளம் பச்சை அடித்துக்கொண்டிருந்தேன்.

2022இல் வேலை இன்னும் சுலபம். ஏறக்குறைய 200 ரூபாயில் நின்ற டொலர் சில கிழமைகளில் 360ஐத் தொட்டது. என் கட்டங்கள் எல்லாம் தாமாகவே சிவப்பாகிவிட்டன. நான் விசைப்பலகையைத் தொடவே இல்லை. ஜூலை 13ஆம் திகதி காலை பெற்றோல் வரிசையில் நின்றபடி கைப்பேசியில் செய்தி பார்த்தேன். ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ மனைவியோடும் இரண்டு மெய்க்காவலர்களோடும் விமானப்படையின் அன்ரனோவ் விமானத்தில் ஏறி, விடியுமுன் மாலேயில் இறங்கிவிட்டாராம். காலநிலை பார்க்கவில்லை, விடுதிகளை ஒப்பிடவில்லை, திரும்பி வர ரிக்கற்றும் இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "அந்த மனுசனே மனிசியைக் கூட்டிக்கொண்டு போட்டுது."

அதற்குப் பிறகு நாடு என்னைக் கைவிட்டது. வரிசைகள் குறைந்தன. டொலர் இறங்கியது. வெள்ளைக்காரர் திரும்பி வந்தார்கள். 2024இல் 20 லட்சம் பேருக்கு மேல் வந்து இறங்கினார்கள் என்று கணக்குச் சொல்கிறது. அதிவேகப் பாதையில் வான்கள் மறுபடியும் நிறைந்தன. அந்த ஆண்டு நடுவில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவி என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"இஞ்சருங்கோ, இந்த வருசம் ஒண்டும் வெடிக்கேல்லை."

"ம்."

"உங்கட பாஸ்போட்டை நான் போன மாசமே புதுப்பிக்கக் குடுத்திட்டன். கையொப்பம் வைச்சீங்களே, அது அதுக்குத்தான்."

வீட்டு வரிப் படிவம் என்று நினைத்துத்தான் வைத்தேன். இன்னொரு நாள் விரலடையாளத்துக்கு என்னைக் கூட்டிப்போனபோது அடையாள அட்டை அலுவல் என்று நினைத்தேன். கணக்கு எழுதுகிறவன் வாசிக்காமல் கையொப்பம் வைப்பதில்லை என்று கடையில் பெருமையடிக்கிறவன் நான்.

ரிக்கற்றையும் விடுதியையும் அவரே கைப்பேசியில் ஒழுங்கு செய்தார். தொலைக்காட்சி நாடகத்தின் விளம்பர இடைவேளைக்குள் முடிந்துவிட்டது. என் ஆறு வருட எக்ஸெலுக்கு மரியாதை கொடுக்க நினைத்து ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: பள்ளிக்கூட விடுமுறை ஓகஸ்ட்டில் வருகிறது, காலநிலை எப்படி? கட்டத்தைப் பார்த்தேன். ஓகஸ்ட்டுக்கு நேரே 'மிக நன்று' என்று இருந்தது. சொன்னேன். முழுத் திட்டத்திலும் என்னுடைய பங்களிப்பு அது ஒன்றுதான். அந்தத் தாள் நிலாவெளிக்கும் அறுகம்பைக்கும் போட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. ஓகஸ்ட்டில் கிழக்குக் கரையில் வெயில் எறிக்கும். கொழும்பை நனைக்கிற தென்மேற்குப் பருவக்காற்று மாலைதீவையும் அதே மாதங்களில் நனைக்கும். அதனால்தான் விடுதி மலிவாகக் கிடைத்திருக்கிறது.

செய்தி பரவியதும் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: என்னத்துக்கு? பதில் இல்லை. எங்கள் வீட்டில் பயணம் என்றால் காரணம் வேண்டும். கலியாணம், செத்தவீடு, மடு, முன்னேஸ்வரம், கதிர்காமம், அல்லது ஓடுவது. என் அப்பா வாழ்நாளில் ஒரே தடவை கப்பலில் போனார். 1983இல் கொழும்பு எரிந்த பிறகு காங்கேசன்துறைக்கு. சும்மா கடலைப் பார்க்கக் காசு கொடுத்து விமானம் ஏறிய முன்னோர் எனக்கு இல்லை. மாமிக்கு மாலைதீவு என்றால் 1988 நவம்பர் 3 தான் ஞாபகம். புளொட் இயக்கத்துப் பெடியள் ஏறக்குறைய 80 பேர் ஒரு மாலைதீவு வணிகருக்காக அங்கே ஆட்சியைக் கவிழ்க்கப் போய், அன்றிரவே ஆக்ராவிலிருந்து இந்தியப் பரசூட் படை வந்து இறங்கியதும், தப்பி ஓடியவர்களின் கப்பலை இந்தியக் கடற்படை நடுக்கடலில் மறித்ததும் அந்தக் காலத்தில் ஊரே பேசிய கதை. "தம்பி, அங்க போன எங்கட பெடியள் ஒழுங்காத் திரும்பி வரேல்லை" என்றார். நாங்கள் ஆட்சியைக் கவிழ்க்கப் போகவில்லை என்று விளங்கப்படுத்தினேன். அரைகுறையாகத்தான் நம்பினார்.

காரணம் இல்லாத பயணத்துக்குச் சனம் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தது. பெரியம்மாவுக்கு ஒரு கிலோ மாசி வேண்டும், அசல் மாலைதீவு மாசி. கடையில் கூட வேலை செய்கிறவரின் மகன் மாலேயில் கணக்காளர்; அவனுக்கு யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளும் தலைக்கு வைக்கும் எண்ணெயும் கொண்டுபோக வேண்டும். மனைவி பல்லைக் கடித்தார். எனக்கோ முதல்முறையாக நிம்மதி வந்தது. எக்ஸெலில் 'அலுவல்கள்' என்று புதிய தாள் திறந்தேன்.

கட்டுநாயக்கவில் சூட்கேஸை நிறுக்கும்போது மனைவிக்குச் சந்தேகம் வந்து திறந்து பார்த்தார். துவாய்க்குள் பித்தளைப் பிள்ளையார். மாமி பாதுகாப்புக்கு வைத்து அனுப்பியிருக்கிறார். வழிபாட்டுச் சிலைகளை மாலைதீவுக்குள் கொண்டுபோக அந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. வழியனுப்ப வந்த மச்சானிடம் பிள்ளையாரை ஒப்படைத்தோம். அவர் அதிவேகப் பாதையால் அரை மணித்தியாலத்தில் பேலியகொடைக்குத் திரும்பிவிட்டார். வேளைக்குப் பிள்ளையாரைக் கண்டெடுத்த மனைவியை நான் பாராட்டினேன். மாலேயில் என் கைப்பைக்குள் இருந்து அதிகாரி வெளியே எடுத்தது, நான் வரியில்லாக் கடையில் வாங்கி ஒளித்து வைத்திருந்த சாராயப் போத்தல். அதற்கும் அங்கே அனுமதி இல்லை. அதிகாரி மிகவும் பணிவாகப் பற்றுச்சீட்டு எழுதித் தந்தார். திரும்பிப் போகும்போது தருவார்களாம். மனைவி அந்தப் பற்றுச்சீட்டை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

நாங்கள் போய் இறங்கியது வெள்ளிக்கிழமை. மாஃபுஷிக்குப் போகும் மலிவான படகு வெள்ளிக்கிழமை ஓடாது. இது எக்ஸெலில் இருந்தது. 'போக்குவரத்து' நிரலில், இளம் பச்சையில். வேகப்படகுக்குக் கொடுத்த டொலரை ரூபாயாக மாற்றிப் பார்க்க வேண்டாம் என்று மனைவி கட்டளையிட்டார். மாற்றிப் பார்த்தேன்.

மழை எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பேலியகொடையில் விட்டுவிட்டு வந்த அதே மழை. மாஃபுஷி ஒன்றரைக் கிலோமீற்றர் நீளம்கூட இல்லாத தீவு. ஒரு முனையிலிருந்து நடந்தால் சிறைச்சாலை மதில் வரை போய்த் திரும்பலாம்; அங்கே நின்று நஷீதைப் பற்றி மனைவிக்குச் சொன்னேன். குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். விடுதிக்குத் திரும்பினோம். செய்வதற்கு ஒன்றும் இல்லை. மனைவி வராந்தாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அது தெரியாது. சும்மா இருக்கும்போது கையை எங்கே வைப்பது என்பதே பிரச்சினையாக இருந்தது. பற்றுச்சீட்டுகளைத் திகதிப்படி அடுக்கினேன். பிறகு தொகைப்படி அடுக்கினேன்.

காலைச் சாப்பாடு 'மஸ் ஹுனி'. துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய், எலுமிச்சம்புளி, பிய்த்துப்போட்ட சூரை மீன். பக்கத்தில் மெல்லிய ரொட்டி. அம்மா உயிரோடு இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் மாசிச் சம்பல் என்று இடித்துத் தந்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்தான்: அம்மா டொலர் வாங்கவில்லை.

ஒரு நாள் மழை விட்டபோது பவளப்பாறைக்குக் கூட்டிப்போனார்கள். தீவில் பிறந்து, ஆற்றங்கரையில் குடியிருந்தும் எனக்கு நீந்தத் தெரியாது. மிதவை அங்கி இரண்டைப் போட்டுக்கொண்டு, படகின் கயிற்றைப் பிடித்தபடி முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்தேன். கீழே உலகம் முழுவதும் வந்து பார்க்கிற காட்சி. என் கண்ணோ சந்தைக் கண். பாரை, கிளிமீன், திருக்கை என்று அடையாளம் கண்டுகொண்டே போய், ஒவ்வொன்றும் விடியற்காலை மூன்று மணிக்குப் பேலியகொடையில் கிலோ என்ன விலைக்குப் போகும் என்று மனம் ஓடியது. சின்னச் சுறா ஒன்று கடந்தது. மனைவி தலையைத் தூக்கி மூச்சுக்குழாயை எடுத்துவிட்டு, "வறைக்கு அளவான சைஸ்" என்றார். அங்கே 2010இலிருந்து சுறா பிடிப்பது தடை என்று நான் தகவல் சொல்வதற்குள் மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டார். அவருக்கும் நீச்சல் தெரியாது. ஆனால் கயிற்றை விட்டிருந்தார்.

வெயில் முழுநாளும் எறித்தது ஒரே ஒரு நாள். அன்றைக்கு நான் மாலேக்குப் போனேன், மிளகாய்த்தூள் கொடுக்க. பிறகு கொடுக்கலாம், தபாலில் போடலாம், அந்தப் பெடியனையே வந்து வாங்கச் சொல்லலாம் என்று மனைவி மூன்று வழி சொன்னார். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். மலிவான படகு, ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல். கையில் பார்சல், சட்டைப்பையில் முகவரி, இறங்கியதும் ஆளைத் தேட வேண்டும். அந்தப் படகில்தான் முதல்முறையாகக் கடலைக் கண் நிறையப் பார்த்தேன். தோள் இளகியது. பக்கத்தில் இருந்தவரோடு பேசினேன், சிரித்தேன், ஒரு தடவை பாட்டுக்கூட முணுமுணுத்தேன். மாலே சந்தையில் மாசியும் வாங்கிக்கொண்டு பொழுதுபட வந்து சேர்ந்தேன். மனைவி மணல் திட்டுக்குப் போய், ஆமை பார்த்து, முகம் கறுத்துச் சிவந்து திரும்பியிருந்தார். இருவருமே நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டோம். வேறு வேறு இடத்தைப் பற்றி.

விடுதி உரிமையாளர் சிங்களம் கொஞ்சம், ஆங்கிலம் கொஞ்சம் கலந்து பேசினார். ஊர் எது என்று கேட்டபோது, தெரியாது என்று நினைத்துக் கொழும்பு என்றேன். கொழும்பில் எங்கே என்றார். சொன்னதும், "மீன் சந்தை!" என்று கையைத் தட்டினார். மனைவியின் வைத்தியத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்குமாகத் தெகிவளையில் வீடு எடுத்து இருந்திருக்கிறார். வெள்ளவத்தையில் எந்தக் கடையில் சீலை மலிவு என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்தது. விடுமுறை கிடைத்தால் குடும்பத்தோடு இலங்கைக்குத்தான் வருவார்களாம். ஏன் என்று கேட்டேன். மலை பார்க்க, குளிருக்குப் போர்த்துக்கொள்ள, மழையில் நனைய என்றார்.

கண்டிக்குப் போகும் வழி எங்கள் வீட்டைத் தாண்டித்தான், கட்டாயம் வாருங்கள், பயணத்தை நானே ஒழுங்கு செய்து தருகிறேன் என்றேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

திரும்பும்போது பற்றுச்சீட்டைக் காட்டியதும் போத்தலைக் கொடுத்துவிட்டார்கள். பெரியம்மா மாசியை மோந்து பார்த்துவிட்டு, இதே மாசி புறக்கோட்டையில் அரைவாசி விலைக்குக் கிடைக்கும் என்றார். மச்சாள் படங்களைப் பார்த்து, கண்ணாடித் தரை இல்லையா என்று கேட்டார்.

போன கிழமை விடுதி உரிமையாளரிடமிருந்து வட்ஸ்அப் வந்தது. டிசம்பரில் ஆறு பேராக வருகிறார்களாம்: நுவரெலியா, எல்ல, ஒன்பது வளைவுப் பாலம், ரயிலில் ஜன்னலோர இருக்கை. எந்தத் திகதி நல்லது என்று கேட்டிருந்தார். எக்ஸெலில் புதிய தாள் திறந்து, நிரல்களுக்கு நிறம் அடித்து, 'காலநிலை பார்த்துச் சொல்கிறேன்' என்று பதில் போட்டேன். மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே போட்டேன். நேற்று அவர் நேரடியாக மனைவிக்கு அனுப்பிவிட்டார்.